நடைவழியில் நிகழ்ந்த ஆராய்ச்சி

பியர் கியூரி என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பலரின் நினைவில் எழுவது இரேடியம். மேரி அம்மையாரின் கணவர். அம்மையாரோடு சேர்ந்து இரேடியத்தைக் கண்டவர். நோபெல் பரிசு பெற்றவர். பாரிஸ் வீதியொன்றில் குதிரைவண்டியின் கீழ் அகப்பட்டு அகால மரணம் அடைந்தவர். பாடசாலைப் புத்தகங்கள் அவருக்கு ஒதுக்கும் இடம் இவ்வளவே. இவை யாவும் உண்மை. ஆயினும், இரேடியம் என்ற சொல்லே தோன்றுவதற்கு முன்னர், அவர் தனித்து நின்று செய்து முடித்த வேறொரு பெரும் பணி உண்டு. அது காந்தத்தைப் பற்றியது. கலாநிதிப் பட்டத்துக்காக 1895ஆம் ஆண்டு அவர் சமர்ப்பித்த ஆய்வு அது. இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்களிலே, சில அணுக்களின் தடிப்பே உடைய காந்தப் படலங்களை ஆராயும் இளைஞர்கள், தம் கட்டுரைகளில் அடிக்கடி எழுதும் பெயர் கியூரி என்பது. அவர்கள் கருதுவது இந்தக் காந்தக் கியூரியைத்தான்.

பௌதிகவியல் கற்பிப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைகளின் நிலையை அறிவேன். பட்டம் ஒன்றைப் பெறுவதற்காகவே ஆராய்ச்சி என்று எண்ணி விரையும் மாணவரின் மனநிலையையும் அறிவேன். அதனாலேயே கியூரியின் வரலாற்றில் உலகம் அதிகம் பேசாத இந்தப் பகுதி என் உள்ளத்தை நெடுங்காலமாகக் கவர்ந்து வந்திருக்கிறது. அதனை இங்கே சொல்ல முயல்கின்றேன்.

பியர் கியூரி 1859ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் தேதி பாரிஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் யூஜின் கியூரி ஒரு வைத்தியர். அறிவியலில் ஆராத ஈடுபாடு உடையவர். செல்வம் சேர்க்கத் தெரியாதவர். இளைய மகனாகிய பியரின் மனப்போக்கு விசித்திரமானதாக இருந்தது. ஒரு பொருளைப் பற்றிக்கொண்டால் அதனை விட்டு மற்றொன்றுக்குத் தாவ அவரால் இயலாது. மணிக்கொரு பாடமாக மாறி மாறிக் கற்பிக்கும் பாடசாலை முறைக்கு இத்தகைய உள்ளம் ஒத்துவராது என்பதைத் தந்தையார் உணர்ந்தார். ஆதலால் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. தாய், தந்தை, தமையன் ஆகியோரே ஆசிரியராயினர். பதினான்காம் வயதில் கணிதம் கற்பிக்க நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தார். அதன் பின் வளர்ச்சி விரைவாயிற்று. பதினாறாம் வயதில் விஞ்ஞானத்தில் தகைமை பெற்றுப் பல்கலைக்கழகத்திற் புகுந்த பியர், பதினெட்டாம் வயதில் பௌதிகவியலில் முதற் பட்டமும் பெற்றார்.

தாம் மந்தபுத்தி உடையவர் என்றே அவர் பிற்காலத்திலும் எண்ணியிருந்தார். வகுப்பில் கேள்வி கேட்டவுடன் கை உயர்த்தாத பிள்ளையை மந்தன் என்று ஒதுக்கும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு. பியர் கியூரி அத்தகைய வகுப்பொன்றில் இருந்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஆறுதலாகச் சிந்திப்பது வேறு, அறிவு குறைந்திருப்பது வேறு. இந்த வேற்றுமையை அறிந்த ஒரு தந்தை அவருக்கு வாய்த்தது அறிவுலகின் நற்பேறு.

தமையன் ஜாக் கியூரியும் பௌதிக ஆய்வாளரே. சகோதரர் இருவரும் கூடி 1880ஆம் ஆண்டு ஒரு புதுமையைக் கண்டனர். குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லைக் குறித்த திசையில் அமுக்கினால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது என்பதே அது. அப்போது பியருக்கு இருபத்தொரு வயது. இன்றைய கைக்கடிகாரத்தில் நேரம் பிசகாமல் காப்பதும், அடுப்புப் பற்றவைக்கும் கருவியில் பொறி எழுப்புவதும் இந்தத் தன்மையே. ஆனால் இக்கூட்டுறவு நீடிக்கவில்லை. 1883இல் ஜாக் மோன்பெலியே நகருக்கு விரிவுரையாளர் பணி ஏற்றுச் சென்றார். பியர் தனியரானார்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1882இல், பாரிஸ் நகரசபை கைத்தொழிற் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கும் கலாசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதன் ஆய்வுகூடப் பயிற்சிகளை நடத்தும் பொறுப்பில் பியர் நியமனம் பெற்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார். மாணவர் சிலர் அவரிலும் சில வயதே இளையவர். அவர்களுக்குக் கருவிகளைக் கையாளக் கற்பிப்பதும், பயிற்சிகளை ஒழுங்கு செய்வதும், மேற்பார்வை செய்வதுமாக நாள் கழியும். சம்பளமோ மிகச் சொற்பம். மாணவர் அவரை மதித்தனர். அவரும் மாணவரோடு நின்று பேசுவதில் மகிழ்ச்சி கண்டார். ஆயினும் அவருடைய சொந்த ஆராய்ச்சிக்கென்று ஓர் அறைகூட இருக்கவில்லை. படிக்கட்டுக்கும் ஓர் ஆய்வுகூடத்துக்கும் இடையிலிருந்த நடைவழியொன்றே பெரும்பாலும் அவருக்குக் கிடைத்த இடம். காந்தவியலை நிலைநாட்டிய அந்த நீண்ட ஆராய்ச்சி முழுவதும் அந்த நடைவழியிலேதான் நிகழ்ந்தது.

அவர் ஆராயப் புகுந்த வினா யாது? இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது ஆதிகாலம் முதல் மனிதர் அறிந்தது. காந்தம் கண்ட இரும்பு என்று நாமும் உவமை கூறுவோம். செந்தழலாகக் காய்ச்சிய இரும்பைக் காந்தம் இழுக்காது என்பதும் பழைய செய்தி. 1600ஆம் ஆண்டு வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில வைத்தியர் அதனைத் தம் நூலில் விளக்கியுள்ளார். இரும்பு, நிக்கல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமன்றி, எல்லாப் பொருள்களுக்கும் காந்தத்தோடு ஏதோவொரு தொடர்பு உண்டென்பதை 1845இல் மைக்கேல் பரடே காட்டினார். பெரும்பாலான பொருள்களில் அத்தொடர்பு மிக மெலிதானது. அவற்றுள் சில காந்தத்தால் மெல்ல ஈர்க்கப்படும். சில மெல்ல விலக்கப்படும். ஆக மூவகை: இரும்பைப் போல வலிமையாக ஈர்க்கப்படுவன, ஒட்சிசனைப் போல மெலிதாக ஈர்க்கப்படுவன, நீரைப் போல மெலிதாக விலக்கப்படுவன. இம்மூன்றும் ஒரே தன்மையின் மூன்று படிகளா, அல்லது வேறு வேறு தன்மைகளா? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வழி உண்டா? இதற்கு விடை காணும் கருவியாக அவர் வெப்பத்தைத் தேர்ந்தார்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. மெலிந்த காந்தத்தன்மை உடைய பொருளின் மேல் காந்தம் செலுத்தும் விசை ஒரு மில்லிகிராமின் எடையிலும் எத்தனையோ மடங்கு குறைவானதாக இருக்கும். அந்த விசையை, பொருளை அடுப்பிலிட்டு 1,400 பாகை அளவுக்குச் சூடாக்கிக்கொண்டே அளக்கவேண்டும். சூடான வளி அசைந்தாலும் அளவு பிழைத்துவிடும். கியூரி பொருளைச் சிறு குமிழில் அடைத்து, மின்காந்தத்தின் முனைகளுக்கு இடையே, மின்சாரத்தாற் சூடாகும் சிற்றுலைக்குள் வைத்தார். மெல்லிய கம்பியொன்றின் முறுக்கத்தைக் கொண்டு விசையை அளந்தார். மாணவர் ஏறி இறங்கும் படிக்கட்டின் அருகே இவ்வளவு நுட்பமான அளவைகளை எடுப்பதற்கு எத்தகைய பொறுமை வேண்டும் என்பதை, அதிரும் மேசையில் ஒருமுறையேனும் தராசை நிறுத்தி எடைபார்க்க முயன்ற ஆசிரியர் அறிவர். நீர், கந்தகம், குவார்ட்ஸ், பிஸ்மத், ஒட்சிசன், பலேடியம், இரும்பு, நிக்கல், காந்தக்கல் எனப் பொருள் மாற்றிப் பொருளாகவும், வெப்பநிலை மாற்றி வெப்பநிலையாகவும் அவர் அளந்துகொண்டே போனார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

அப்பொறுமைக்குக் கிடைத்த பயன் மூன்று. விலக்கப்படும் பொருள்களில் வெப்பம் ஏறினும் இறங்கினும் காந்தத்தன்மை பெரும்பாலும் மாறுவதில்லை. பிஸ்மத் மட்டும் இதற்கு முக்கியமான விலக்கு. இது முதலாவது. மெலிதாக ஈர்க்கப்படும் பொருள்களின் தன்மை, தனிவெப்பநிலை கூடக் கூட அதே விகிதத்திற் குறைகிறது. இது இரண்டாவது, கியூரி விதி என்று மாணவர் கற்பது இதனையே. ஓர் உதாரணம் கூறுவேன். 20 பாகைச் செல்சியஸ் என்பது தனியளவில் 293. அதனை இருமடங்காக்கினால் 586; அதாவது 313 பாகைச் செல்சியஸ். அந்த வெப்பநிலையில் குறித்த அளவு ஒட்சிசனின் காந்தத்தன்மை சரி பாதியாகக் குறைந்திருக்கும். விதி அவ்வளவு எளியது. மூன்றாவது பயன் இரும்பைப் பற்றியது. இரும்பு போன்ற பொருள்கள் ஒரு குறித்த வெப்பநிலையைத் தாண்டியதும் தம் வலிமையான காந்தத்தை இழந்து, ஒட்சிசன் போன்ற மெலிந்த வகையோடு சேர்ந்துவிடுகின்றன. அவ்வெல்லை இரும்புக்கு 770 பாகைச் செல்சியஸ் அளவில் உள்ளது. நிக்கலுக்கு 358 பாகை அளவில் உள்ளது. இவ்வெல்லையே இன்று கியூரி வெப்பநிலை என்று வழங்குகிறது.

இவ்வெல்லை ஏதோ ஆய்வுகூடத்தோடு நிற்கும் செய்தியென்று எண்ணவேண்டாம். நம் வீட்டு அடுக்களையிலுள்ள ரைஸ் குக்கர் பலவற்றின் அடியில், 100 பாகைக்குச் சற்று மேலே காந்தத்தை இழக்கும் பொருளொன்று இருக்கிறது. தண்ணீர் உள்ளவரை சட்டியின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றி அரிசி வெந்ததும் வெப்பம் ஏறும். அப்பொருள் தன் கியூரி வெப்பநிலையைக் கடக்கும். அதனைப் பற்றியிருந்த காந்தம் பிடி விடும். ஆளி டிக்கென்று கீழே விழும். சோறு கரியாமற் காப்பது 1895ஆம் ஆண்டு ஆய்வேட்டிற் பேசப்பட்ட அந்த எல்லைதான்.

அவ்வாய்வேட்டில் மற்றுமொரு நுண்ணிய கருத்தும் இருந்தது. இரும்பு காந்தத்தை இழப்பதற்கும் திரவம் ஆவியாவதற்கும் இடையே ஓர் ஒப்புமை உண்டென்று கியூரி கண்டார். திரவத்தில் அழுத்தமும் அடர்த்தியும் எவ்வாறோ, காந்தத்தில் காந்தப்புலமும் காந்தச்செறிவும் அவ்வாறே என்றார். அக்காலத்தில் இது அழகியதோர் உவமையாகவே தோன்றியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திரவத்தின் எல்லைநிலையையும் ஒருவகைக் காந்தத்தின் எல்லைநிலையையும் ஆள்வன ஒரே எண்கள் என்பது உறுதியாயிற்று. அதனை விளக்கும் கோட்பாட்டை வகுத்த கென்னத் வில்சன் 1982இல் நோபெல் பரிசு பெற்றார்.

இத்தகைய ஆராய்ச்சியைச் செய்தவர் அதுவரை கலாநிதிப் பட்டம் பெறாதவர் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். படிகங்களைப் பற்றிய ஆய்வு ஒன்றே ஒரு பட்டத்துக்குப் போதுமாயிருந்தது. பிரித்தானியாவின் பேரறிஞர் கெல்வின் பிரபு அவருடைய கருவிகளைப் புகழ்ந்து, அவரை நேரிலே தேடிவந்து கண்டிருந்தார். ஆயினும் ஆய்வேடு ஒன்றை எழுதிச் சமர்ப்பிக்கும் எண்ணம் பியருக்கு எழவில்லை. கலாசாலை அதிபர் அவருக்குக் கௌரவ விருதொன்றைப் பெற்றுத்தர விரும்பியபோது, அது வேண்டாமென்று பணிவோடு மறுத்துவிட்டார். அளந்து முடியாத ஒன்றைப் பற்றி எழுதுவது அவர் இயல்பன்று.

இந்நிலையில் 1894ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் மரியா ஸ்கொடோவ்ஸ்கா என்னும் போலந்து நாட்டு மாணவியை ஒரு நண்பர் வீட்டிலே சந்தித்தார். உருக்கு வகைகளின் காந்தத்தன்மையை ஆராயும் பணியொன்றை ஏற்றிருந்த அம்மாணவி, அதற்குரிய இடம் கிடையாமல் இடர்ப்பட்டுக்கொண்டிருந்தார். காந்தத்தைப் பற்றி நன்கறிந்தவர் என்று நண்பர் அறிமுகப்படுத்தியது பியரை. ஆகவே இரேடியத்தாற் புகழ்பெற்ற இந்த இணையை முதன்முதல் சேர்த்துவைத்ததும் காந்தமே.

1895ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சோர்பொன் மண்டபத்திலே ஆய்வேடு பரிசீலனைக்கு வந்தது. வெவ்வேறு வெப்பநிலைகளில் பொருள்களின் காந்தப் பண்புகள் என்பது அதன் பொருள். அப்போது பியருக்கு வயது முப்பத்தைந்து. அவையில் இருந்தோருள் அவருடைய முதிய தந்தையாரும் மேரியும் இருந்தனர். பள்ளிக்கு அனுப்பாமல் தாமே எழுத்தறிவித்த பிள்ளை, நாட்டின் முதன்மையான பேராசிரியர்கள் முன்னிலையில் அமைதியாக நின்று, தாம் கண்டதை எளிய சொற்களில் எடுத்துரைப்பதைக் கேட்ட அந்த முதியவரின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்! அதே ஆண்டு ஜூலை 26ஆந் தேதி பியருக்கும் மேரிக்கும் பாரிசை அடுத்த சோ என்னும் ஊரிலே ஆடம்பரமின்றித் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதிகள் சைக்கிள்களில் ஏறி நாட்டுப்புறங்களைச் சுற்றி வந்தனர்.

இவ்வரலாற்றைக் கேட்கும் மாணவர், பட்டமும் பதவியும் வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. அதற்குக் கியூரியின் வாழ்க்கையே சான்று. புகழ்பெற்ற உயர்கலாசாலைகளில் அவர் பயின்றவரல்லர். தம்மைத் தாமே முன்னிறுத்தவும் அறியாதவர். அதனால் அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1898இல் சோர்பொனில் ஒரு பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்துத் தோல்வியுற்றார். 1902இல் விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தவராக முயன்று தோற்றார். நாட்டின் உயர் விருதை வழங்க முன்வந்தபோது, தமக்குத் தேவை ஓர் ஆய்வுகூடமே என்று உணர்த்தி அதனை மறுத்தார். அந்த ஆய்வுகூடமோ அவர் வாழ்நாளில் உரியவாறு வாய்க்கவில்லை. அடக்கம் நற்பண்பு, ஆனால் அடக்கமுடையாரைத் தேடிச் சென்று இடம் கொடுப்பது சமுதாயத்தின் கடன். அக்கடனைப் பிரான்சு தேசம் காலந்தாழ்த்தியே செலுத்தியது. இதனை மறைத்து அவரை ஒரு துறவியாக மட்டும் போற்றுவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது என்பது என் எண்ணம்.

காந்த ஆராய்ச்சியை அவர் மேலும் தொடரவில்லை. மேரி அம்மையார் தம் கலாநிதிப் பட்ட ஆய்வாகக் கதிர்வீச்சை எடுத்துக்கொண்டார். அது காட்டிய புதுமையைக் கண்டு பியர் தம் வேலையை நிறுத்திவிட்டு மனைவியின் வேலையிற் சேர்ந்தார். 1898 ஜூலையில் பொலோனியமும் டிசம்பரில் இரேடியமும் வெளிப்பட்டன. படிகத்தை அமுக்கி மின்னேற்றம் பெறும் பழைய கண்டுபிடிப்பே அங்கு கதிர்வீச்சை அளக்கும் கருவியாகப் பயன்பட்டது. 1903இல் ஹென்றி பெக்கரலுக்குப் பாதியும், கியூரி தம்பதிகளுக்குப் பாதியுமாக நோபெல் பரிசு கிடைத்தது. 1904இல் சோர்பொன் பேராசிரியர் பதவியும், 1905இல் விஞ்ஞானக் கழக அங்கத்துவமும் வந்தன. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆந் தேதி, மழை பெய்துகொண்டிருந்த பிற்பகலிலே, டோபின் வீதியைக் கடக்கையில் வழுக்கி விழுந்தார். பாரம் ஏற்றிவந்த குதிரைவண்டியின் சில்லு அவர் தலைமேல் ஏறிற்று. நாற்பத்தேழு வயது நிறைவதற்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. சோ ஊரில் அடக்கம் செய்யப்பெற்ற அவர் உடல், 1995இல் மேரி அம்மையாரின் உடலோடு பாரிசிலுள்ள பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றப்பெற்றது.

அவர் அளந்து வைத்த எண்களோ உறங்கவில்லை. அவர் கற்பித்த கலாசாலையின் பழைய மாணவர் போல் லாங்ஜவென், 1905ஆம் ஆண்டு கியூரி விதிக்குக் காரணம் கூறினார். ஒவ்வோர் அணுவையும் சிறு காந்தமாகக் கொண்டால், வெப்பம் அவற்றைக் குலைக்கிறது, காந்தப்புலம் அவற்றை ஒழுங்குபடுத்துகிறது. இவ்விரண்டின் போட்டியே அவ்விதி. 1907இல் பியர் வைஸ் என்பவர் இரும்பின் நிலையை விளக்கினார். தேர்வடம் பிடிப்போரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தம் அயலவர் இழுக்கும் திசையைப் பார்த்து அத்திசையிலேயே இழுப்பதால் தேர் நகர்கிறது. இரும்பின் அணுக்களும் அவ்வாறே அயலணுக்களைப் பார்த்து ஒரே திசையில் நிற்கின்றன. வெப்பம் என்பது கூட்டத்தில் எழும் குழப்பம். குழப்பம் ஓர் எல்லையைக் கடந்தால் ஒற்றுமை குலையும். அவ்வெல்லையே கியூரி வெப்பநிலை.

அயலவரைப் பார்த்தே ஒற்றுமை ஏற்படுமாயின், அயலவர் தொகை குறைந்தால் என்னவாகும்? காந்தத்தைச் சீவிச் சீவி மெல்லியதாக்கிக்கொண்டே போனால், ஒரே படலமாக எஞ்சும்போதும் அது காந்தமாக இருக்குமா? இவ்வினாவுக்கு அடிகோலியதும் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வே. 1924ஆம் ஆண்டு ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஏர்ண்ஸ்ட் ஈசிங் என்னும் மாணவர், ஒற்றை வரிசையாக நிற்கும் அணுக்கள் எவ்வளவு சிறிய வெப்பத்திலும் காந்தமாக ஒன்றுபட்டு நிற்கமாட்டா என்று கணித்துக் காட்டினார். கைகோத்து நிற்கும் ஒற்றை வரிசையில் ஓரிடத்திற் கை விட்டாலே வரிசை இரண்டாகிவிடும் அல்லவா? ஆனால் பாயைப் போல் நெடுக்கும் குறுக்குமாகப் பின்னிய தளத்தில் நிலைமை வேறு. ஓரிடத்தில் அறுந்தாலும் பக்கத்து இழைகள் தாங்கும். அத்தகைய தளத்தில் காந்தம் நிலைக்கும் என்பதை 1944இல் லார்ஸ் ஒன்சாகர் துல்லியமான கணிதத்தால் நிறுவினார். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. சிறு காந்தங்கள் எத்திசையிலும் கட்டுப்பாடின்றித் திரும்பக்கூடியனவாயின், தளத்திலும் ஒற்றுமை நிலையாது என்று 1966இல் மேர்மின், வாக்னர் என்போர் காட்டினர். மேல் அல்லது கீழ் என்று ஒரு திசைக்கோடு அவற்றுக்கு அமைந்திருக்கவேண்டும்.

ஐம்பது ஆண்டுகள் இது தாளில் எழுதிய கணிதமாகவே பெரும்பாலும் நின்றது. 2004இல் மான்செஸ்டர் நகரில் இருவர், பென்சிற்கரியிலிருந்து ஒரேயோர் அணுத் தடிப்புள்ள ஏட்டைச் சாதாரண ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தனர். அதே வித்தையை ஆய்வாளர் காந்தப் பொருள்களிலும் கையாண்டனர். குரோமியமும் அயடீனும் சேர்ந்த பளிங்கு ஒன்று, ஓலைச்சுவடியின் ஏடுகள்போல அடுக்கடுக்காக அமைந்தது. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும் அதிலிருந்து ஒற்றை ஏட்டை உரித்து, அதுவும் காந்தமே என்று காட்டினர். அதே ஆண்டில் பேர்க்லி நகரத்து ஆய்வாளர் குரோமியம், ஜேர்மானியம், தெலூரியம் சேர்ந்த வேறொரு பளிங்கின் இரட்டை ஏட்டில் அவ்வாறே கண்டனர்.

அந்தக் குரோமிய ஏட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. வளியும் ஈரமும் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். ஆதலால் மூடிய பெட்டிக்குள் வைத்தே கையாளவேண்டும். அதன் காந்தத்தை இழுத்துப் பார்த்து அளக்க இயலாது. அதன்மேல் ஒளியைச் செலுத்தி, தெறித்து வரும் ஒளியின் அதிர்வுத்தளம் எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை அளக்கின்றனர். ஒற்றை ஏட்டில் காந்தம் உண்டு. இரண்டு ஏடுகளில் ஒன்று மேல் நோக்கவும் மற்றது கீழ் நோக்கவும் நின்று ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. மூன்று ஏடுகளானால் காந்தம் மீண்டும் தோன்றுகிறது. ஏட்டின் எண்ணிக்கையைக் கொண்டே காந்தத்தை ஆக்கவும் அழிக்கவும் கூடுமாயின், செய்திகளைப் பதிந்துவைக்கும் கருவிகளுக்கு அது எவ்வளவு பயன் தரும் என்று ஆய்வாளர் எண்ணுவதில் வியப்பில்லை.

இந்த ஆய்வில் ஈடுபடும் மாணவர் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? ஏட்டைக் கடுங்குளிரில் வைத்து, வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் காந்தத்தை அளந்து, அது மறையும் எல்லையைக் குறிப்பதாகும். தடித்த குரோமியப் பளிங்குக்கு அவ்வெல்லை 61 கெல்வின். ஒற்றை ஏட்டுக்கு 45 கெல்வின், அதாவது செல்சியசில் பூச்சியத்துக்குக் கீழே 228 பாகை. அயலவர் குறைந்ததால் எல்லையும் தாழ்ந்தது. கருவிகள் மாறிவிட்டன, உலை போய்க் குளிர்ப்பெட்டி வந்தது, முறுக்குக் கம்பி போய் ஒளிக்கதிர் வந்தது. கேள்வியும் முறையும் கியூரி வகுத்தவையே. அந்த எல்லைக்கு அவர்கள் இடும் பெயரும் அவர் பெயரே. அறிஞரைக் காண வந்த கெல்வின் பிரபுவின் பெயர் அளவுகோலுக்கும், காணப்பட்டவரின் பெயர் அதில் குறிக்கும் புள்ளிக்குமாக இருவரும் ஒரே வரைபடத்தில் இடம் பெறுகின்றனர்.

அவருடைய காந்த ஆய்வு இரேடியத்தைப் போல் இருளில் ஒளிவிடவில்லை. பத்திரிகைகளில் பரபரப்பை எழுப்பவில்லை. பிழையின்றி அளந்த எண்களின் அட்டவணைகளே அதன் பெரும்பகுதி. ஆனால் விளக்கம் சொல்ல வந்தவர் ஒவ்வொருவரும் அந்த எண்களோடு தம் விளக்கம் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. விளக்கங்கள் திருத்தம் பெற்றன, சில கைவிடப்பட்டன, எண்கள் நிலைத்தன. வசதியில்லை என்று மனம் தளரும் ஆசிரியருக்கும், ஆண்டு முடியுமுன் ஆய்வேட்டை முடிக்கத் துடிக்கும் மாணவருக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றே. உங்கள் மேசைமேல் இருக்கும் கருவி எளியதாக இருக்கலாம். அதைக் கொண்டு எடுக்கும் ஓர் அளவையாவது, பின்னே வருபவர் மீண்டும் எடுத்துப் பார்த்தால் மாறாததாக இருக்கட்டும். படிக்கட்டின் ஓரத்திலே நின்று பியர் கியூரி செய்தது அதுவே.